மேடையை விட்டு இறங்காத கேடயம்

அந்த வீட்டில் தனி விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்த ஒரே பொருள் மாமியாரின் மாத்திரை டப்பா. வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி முன்னறைச் சுவரில் ஒரு பலகை அடித்து, அதற்கு மேலே சின்னதாய் ஒரு மஞ்சள் பல்பும் மாட்டி, அதற்கென்று கதவோரம் ஒரு ஸ்விட்சும் வைத்திருந்தார் லாரிக்காரர். இத்தனை ஏற்பாடும் மாத்திரை டப்பாவுக்காக இல்லை. நகரசபை அவருக்குக் கொடுத்த கேடயத்துக்காக. கொடுத்தது உண்மைதான், ஊரே பார்த்தது. வீடு வந்து சேரவில்லை என்பதும் உண்மை, அதையும் ஊரே பார்த்தது.

லாரிக்காரர் ஓட்டுவது நகரசபைக் குப்பை லாரி. அவர் மனைவி பெருக்குவது நகரசபைத் தெருக்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் துடைப்பம் வீசும் வேகத்தைப் பார்த்து யாரோ ‘புயல்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு அவள் புயலக்கா. சம்பளம் கொடுக்கும் இடத்தில் மட்டும் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. அங்கே கூப்பிடும்போது அவளே ஒரு நிமிஷம் யாரையோ என்று நினைத்துக்கொண்டு நிற்பாள்.

போன வருஷத்து ஆண்டு விழாவில் லாரிக்காரருக்குச் ‘சிறந்த பணியாளர்’ விருது. இஸ்திரி போட்ட சட்டையில் மேடை ஏறினார். சேர்மன் கேடயத்தைக் கொடுத்தார், கைகுலுக்கினார், போட்டோக்காரர் படம் பிடித்தார். மறுபக்கப் படியில் இறங்கியபோது கீழே நின்ற பியூன் இரண்டு கையையும் நீட்டி, “குடுங்கண்ணே, பேர் பொறிச்சு வீட்டுக்கே அனுப்பிடுவாங்க” என்றார். பெயர் பொறிக்க என்றால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்? லாரிக்காரர் நன்றி வேறு சொல்லிவிட்டுக் கொடுத்தார். மறுநாளே பலகை அடித்தார், பல்பு மாட்டினார், உறவுக்கெல்லாம் போன் போட்டார்.

அப்புறம் நகரசபை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பொறிக்கப் போயிருக்கிறது என்றார்கள். பொறிக்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். கடைசியில், “எந்தக் கேடயம்?” என்றே கேட்டுவிட்டார்கள். கிணற்றில் போட்ட கல் ஆகிவிட்டது கேடயம். பலகை சும்மா கிடப்பானேன் என்று புயலின் மாமியார் தன் மாத்திரை டப்பாவை அதில் வைத்தாள்.

அதோடு போயிருந்தாலும் தேவலை. லாரிக்காரரின் அக்கா ஒருநாள் சாப்பிட வந்தாள். ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, சேர்மன் உனக்கு மாத்திரை டப்பாவா குடுத்தாரு?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்காரரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் அந்த பல்பைப் போடவே இல்லை. தெருமுனைக்குத் தெருமுனை ஹாரன் அடித்துக்கொண்டு போகிற மனுஷர், அதற்காகவே வசவு வாங்குகிற மனுஷர், நகரசபைக் கட்டடத்தைத் தாண்டும்போது மட்டும் செத்த வீட்டைத் தாண்டுகிற மாதிரி சத்தமில்லாமல் போக ஆரம்பித்தார். இது புயலுக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இப்படி ஊமையாகப் போகிறவரை என்ன செய்வது?

அப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷ விருதுக்கு அவள் பெயர் வந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. ஈர இலை தாரோடு ஒட்டிக்கொண்டால் துடைப்பத்துக்கு அசையாது. தகரத் துண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நகரசபைக் கட்டடத்து ஓரம் குந்தி உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தவளிடம் மேஸ்திரி குடையோடு வந்து நின்றார்.

“ஏம்மா புயலு, இந்த வருசம் லிஸ்ட்ல நீதான் முதல் ஆள். ஒண்ணாம் வார்டு இல்லையா, அதான். நல்ல துணியா உடுத்திட்டு வா.”

“சந்தோசம் மேஸ்திரி. கேடயம் குடுப்பாங்களா?”

“குடுக்காம? குடுக்கறதை வாங்கு, போட்டோவுக்குச் சிரி, இறங்கினதும் பியூன்கிட்ட குடு. அவ்வளவுதான்.”

“குடுத்துட்டு?”

“குடுத்துட்டு வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்காரர் மாதிரி ஆபீசுக்கு அலையாத. எனக்குத்தான் கெட்ட பேரு.”

மேஸ்திரி குடையைச் சுழற்றிக்கொண்டு போனார். சுழற்றிய தண்ணீரெல்லாம் அவள் மேல்தான்.

சாயங்காலம் வீட்டில் மீன் பொரித்தாள். மழை நாளில் எண்ணெயில் மீன் விழும் சத்தத்தைக் கேட்டாலே லாரிக்காரர் அடுப்படிக்கு வந்துவிடுவார். அன்றைக்கும் வந்தார். முதல் துண்டை அவர் தட்டில் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கை அப்படியே நின்றது.

“போகாத.”

“ஏன்?”

“ஏன்னா கேக்கற? நான் பட்டது போதாதா? மேல ஏத்தி உக்கார வெச்சு கீழ தள்ளுவானுங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

“வாய்க்கு எட்டலன்னா கைய விடாம புடிச்சுக்க வேண்டியதுதான?”

“நான் விட்டுட்டேன்னு சொல்றியா?”

“நீங்க நல்ல மனுசன். நம்பிக் குடுத்தீங்க.”

“நல்ல மனுசன்னா ஏமாளின்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?”

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “போகட்டும்டா. வாங்கிட்டு வந்தா வரட்டும். வரலன்னா பலகையில என் கண்ணாடியையும் வெச்சுக்கறேன்.”

“அம்மா, நீ சும்மா இரு.”

“மீன் தீயுது, அதையாவது பாருங்க ரெண்டு பேரும்.”

மீன் நிஜமாகவே தீய்ந்திருந்தது. தீய்ந்ததை இரண்டு பேரும் தின்றார்கள். கை கழுவும்போது அவர், “நான் வரமாட்டேன். எனக்கு அன்னிக்கு எச்சில் தட்டு அள்ற டூட்டி. மண்டபத்துக்குப் பின்னாடி லாரியோட நிப்பேன். உள்ள காலை வைக்கமாட்டேன்” என்றார்.

“நீங்க பின்னாடியே நில்லுங்க. நான் முன்னாடி பாத்துக்கறேன்” என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

விழா நாளன்று காலையில் விருது வாங்கப் போகிறவர்களைத்தான் நகரசபைக் கட்டடத்து மண்டபத்தைக் கழுவிவிடச் சொன்னார்கள். நகரசபையின் மரியாதை அப்படி. நாற்காலி அடுக்கினார்கள், மேடைத் திரையின் தூசியைத் தட்டினார்கள். பிறகு வேனில் வந்து இறங்கிய சாமான்களை மேடைக்குத் தூக்கினார்கள். விருந்தினர்களுக்கான அன்பளிப்பு. எல்லாம் சக்கரம் வைத்த பெட்டிகள். ஊருக்குப் போகிறவர்கள் கைப்பிடியை இழுத்து, பின்னால் உருட்டிக்கொண்டு போவார்களே, அந்தப் பெட்டி. நீலம், சிவப்பு, சாம்பல் என்று பளபளவென்று மின்னின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிளாஸ்க்கும் ஒரு நல்ல கம்பளியும் வேறு இருந்ததாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நகரசபை வாங்கி அடுக்கியிருந்தது. சாக்கடை அள்ளுகிற சின்னவள் ஒரு பெட்டியைக் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்த்தாள். “அக்கா, இது தானா வருதுக்கா!” என்று பூரித்துப்போனாள். மேஸ்திரி வந்து அதட்டினார். “தூக்கிட்டுப் போ. சக்கரம் அழுக்காயிடும்.”

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடந்துகொண்டிருந்தது. கறி வேகும் மணம் தெருக்கோடி வரைக்கும் போனது. மேல்மாடியில் விருந்தினர்களுக்கு மேஜை போட்டுச் சாப்பாடு, பணியாளர்களுக்குக் கீழே ஒரு பன்னும் டீயும். அந்த டீயைக் குடிக்க வந்த இடத்தில்தான் புயல் பியூனைப் பிடித்தாள். தொப்பையும் மூச்சிரைப்புமாக ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா நிஜத்த சொல்வீங்களா?”

“உன் வீட்டுக்காரர் கேடயம்தான?” அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “கேக்காத தங்கச்சி. எனக்கு அவரைப் பாத்தாலே வேர்க்குது.”

“தொலைச்சுட்டீங்களா?”

“தொலைக்கறதுக்கு அது இருந்தால்ல? இருக்கறதே ஒண்ணு.”

“ஒண்ணுன்னா?”

“ஒண்ணுன்னா ஒண்ணு. எத்தனை வருசமாவோ அந்த ஒரே கேடயம்தான். இந்தப் பக்கம் இறங்கறவங்ககிட்ட நான் வாங்குவேன். மேடைக்குப் பின்னாடியே ஓடி, அந்தப் பக்கம் ஏத்தி சேர்மன் கையில குடுப்பேன். அவர் அடுத்த ஆளுக்குக் குடுப்பாரு. கடைசி ஆள் முடிஞ்சதும் துடைச்சு பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்க. கேடயத்துக்குன்னு ஒதுக்கறது எல்லாம்…” அவர் மூக்கை உறிஞ்சிக் கறி மணத்தைக் காட்டினார். “அங்க கொதிக்குது பாரு.”

புயல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வருஷம் பூராவும் தன் புருஷன் இல்லாத ஒரு கேடயத்துக்காக அலைந்திருக்கிறார், இல்லாத ஒன்றுக்குப் பல்பு மாட்டியிருக்கிறார். அழுகைதான் முதலில் வந்தது. அதை டீயோடு விழுங்கினாள். விழுங்கின இடத்தில் வேறு ஒன்று முளைத்தது.

“அப்ப அண்ணே, முதல் ஆள் குடுக்காட்டி?”

பியூன் தைலம் தேய்ப்பதை நிறுத்தினார். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. “குடுக்காட்டி… நான் ஓட வேண்டியதில்ல” என்றார் மெதுவாக. பிறகு மண்டபப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “நான் கைய நீட்டுவேன் தங்கச்சி. அது என் வேலை. ஆனா புடுங்க மாட்டேன். முழங்கால் வலி வேற” என்றார்.

விழாவுக்குச் சற்று முன்னால் மேஸ்திரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மறுபடியும் ஓதினார். இறங்கினதும் கொடுத்துவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, மேடையில் தகராறு செய்கிறவர்களை மறுநாளே சந்தை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். சந்தை வார்டு என்றால் மீன் கழிவும் அழுகிய காயும் முழங்கால் வரைக்கும் நிற்கும் இடம். இடுப்பு உள்ளவர்கள் அங்கே போய் இடுப்பு இல்லாமல்தான் திரும்புவார்கள். மேஸ்திரி பேசும்போது புயலைத்தான் பார்த்தார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் விருந்தினர்கள், நடுவில் ஊர்க்காரர்கள், கடைசியில் முதுகு சாயாத பெஞ்சில் பணியாளர்கள். மேடையில் சேர்மனும் மற்ற பெரியவர்களும், அவர்களுக்குப் பின்னால் சக்கரப் பெட்டிகளின் வரிசையும். சிறப்பு விருந்தினராகப் பக்கத்து நகரத்து மேயரம்மாவும் மேடையில் இருந்தார். சேர்மன் பேசினார். இந்த நகரத்தின் முதுகெலும்பே பணியாளர்கள்தான் என்றார். முதுகு சாய இடமில்லாத முதுகெலும்புகள் கைதட்டின.

முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கம் போல அவளுக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. சின்னவள் விலாவில் இடித்த பிறகுதான் எழுந்தாள். மேடை ஏறினாள். சேர்மன் கேடயத்தை நீட்டினார். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மரத்தில் பித்தளைத் தகடு. தகட்டில் ‘சிறந்த பணியாளர்’ என்பதோடு சரி, பெயருக்கான இடம் மொட்டையாக இருந்தது. கேமரா மின்னியது. அவள் சிரித்தாள். மறுபக்கப் படியில் இறங்கினாள்.

கீழே பியூன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். “குடும்மா, பேர் பொறிக்கணும்.”

“என் பேர் எனக்குத் தெரியும்ணே. பொறிக்காட்டியும் பரவால்ல.”

கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து கேடயத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். முதுகு சாய்ந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்னவள் மேடையேறி இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். சேர்மன் பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமலேயே, இடது கையைப் பின்னால் நீட்டினார். கையில் ஒன்றும் வரவில்லை. விரலை ஆட்டிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. திரும்பினார். பியூன் வெறுங்கையோடு, வாழ்நாளில் முதல் தடவையாக மூச்சிரைக்காமல், நின்றுகொண்டிருந்தார்.

“கேடயம் எங்கய்யா?” சேர்மன் குசுகுசுவென்றுதான் கேட்டார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கேட்க வைத்தது.

“வாங்கினவங்களே எடுத்துட்டாங்கய்யா” என்றார் பியூன்.

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. மேஸ்திரி குனிந்து ஓடிவந்து புயலின் காதருகே, “குடுத்துடு, நாளைக்கே சந்தை வார்டு!” என்று சீறினார். கேடயத்தின் ஒரு முனையையும் பிடித்துவிட்டார். அவள் பிடி தளரவில்லை. துடைப்பம் பிடித்த பிடி அது.

“குப்பை இல்லாத வார்டு எங்க இருக்கு மேஸ்திரி? சந்தைக்குப் போறேன். இதையும் எடுத்துட்டே போறேன்.”

சேர்மனுக்கு வேறு வழி தெரியவில்லை. மைக்கிலேயே குழைந்தார். “அம்மா, அந்தக் கேடயத்த கொஞ்சம்… பேர் பொறிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

புயல் எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

“ஐயா, போன வருசம் எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பேர் பொறிக்கக் குடுத்தாரு. குப்பை லாரி ஓட்டறாரே, அவருதான். இன்னிக்கு வரைக்கும் பொறிச்சு முடியல. அவர் பேர் அவ்வளவு நீளமெல்லாம் இல்லைங்கய்யா.”

மண்டபம் வெடித்தது. கடைசி பெஞ்சுகளில் இருந்தவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். போன வருஷம் வாங்கியவர்கள், அதற்கு முந்தின வருஷம் வாங்கியவர்கள் எல்லாம் ஆங்காங்கே எழுந்து, “எனக்கும் வரலய்யா!” “என்னோடதும் பொறிக்கப் போயிருக்கு!” என்று குரல் கொடுத்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவா முடியும்? சேர்மன் சிரித்த முகத்தோடே வியர்த்தார்.

மேயரம்மா எழுந்தார். சேர்மனிடம் குனிந்து, “எங்க நகரத்துலயும் ஒரே கேடயம்தான் ஓடுது. ஊருக்குப் போனதும் முதல் வேலையா அதைப் பாக்கணும்” என்றார். அதையும் மைக் விடவில்லை. பிறகு பின்னால் திரும்பி, வரிசையில் முதலாக நின்ற சிவப்புப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தார். “இது எனக்குன்னு சொன்னீங்கல்ல? என்கிட்ட நாலு பெட்டி இருக்கு. இந்தாம்மா” என்று சின்னவள் முன்னால் உருட்டிவிட்டார்.

சின்னவள் பெட்டியைப் பார்த்தாள், புயலைப் பார்த்தாள். புயல் தலையாட்டினாள். சின்னவள் கைப்பிடியைப் பிடித்து, மேடை முழுக்க ஒரு சுற்று உருட்டிக் காட்டிவிட்டுத்தான் இறங்கினாள். கைதட்டல் ஓயவே இல்லை.

ஒருத்தர் கொடுத்தபின் மற்றவர்கள் கொடுக்காமல் இருக்க முடியுமா? விருந்தினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் கொஞ்சம் தயங்கினார். ஊரே அவரைப் பார்த்ததும் பார்த்த வேகத்தில் தாராளமாகிவிட்டார். நிலைமை கைமீறியதைக் கண்ட சேர்மன் மைக்கைப் பிடுங்கி, இந்த ஏற்பாட்டை ஒரு இன்ப அதிர்ச்சியாகத் தாமே ரகசியமாக வைத்திருந்ததாக அறிவித்தார். அடுத்த வருஷத்திலிருந்து ஆளுக்கொரு கேடயம், பெயரோடு, மேடையிலேயே, என்றும் சொல்லிவிட்டார். சொன்னது மைக்கில். இனி விழுங்க முடியாது.

பட்டியலில் கடைசிப் பெயர் மேஸ்திரியுடையது. அவருக்கு ஒரு நீலப் பெட்டி கிடைத்தது. கீழே இறங்கி வந்தவர் புயலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு, “சந்தை வார்டெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

“உருட்டுங்க மேஸ்திரி. சக்கரம் அழுக்கானா துடைச்சுக்கலாம்” என்றாள் சின்னவள்.

பின்கட்டில் லாரிக்காரர் லாரியில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே ஒரே கூச்சலாக இருந்ததே தவிர என்னவென்று தெரியவில்லை. இவள் ஏதோ சண்டை இழுத்துவிட்டாள், வேலை போயிற்று என்றே முடிவு கட்டியிருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல முதலில் சக்கரங்களின் கடகடப்புதான் கேட்டது. பிறகு அவர்கள் வந்தார்கள். சாக்கடைக்காரி, குழாய் ரிப்பேர்க்காரர், தெருவிளக்குக்காரர், எல்லோரும் ஆளுக்கொரு பெட்டியை உருட்டிக்கொண்டு, காலையில் தாங்களே கழுவிய தரையில் ஊருக்குப் புறப்பட்டவர்கள் போல வந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் பெட்டியில்லாமல் அவர் மனைவி.

“உனக்குப் பெட்டி குடுக்கலையா?” என்றார் பதறிப்போய்.

“நமக்கெதுக்குப் பெட்டி?” என்று மார்பிலிருந்து கேடயத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். “பேர் இல்ல. பாத்துக்குங்க.”

அவர் லாரியின் முன்விளக்கைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் மூலையில் மரம் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினார். முகம் மாறியது.

“ஏய், இது என்னோடதுடி!”

“என்ன சொல்றீங்க?”

“இந்த மூலையைப் பாரு. அன்னிக்கு மேடையில கை நடுங்கி மைக்குல இடிச்சேன். ‘டங்’குன்னு சத்தம் கேட்டுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, உனக்கு ஞாபகம் இல்ல? அப்ப பெயர்ந்ததுதான் இந்தச் சில்லு. அதேதான். என் கையால வாங்கின அதேதான்!”

“ஒண்ணுதான் இருக்குன்னா அதாத்தான் இருக்கும்” என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டார். வருஷம் பூராவும் தேக்கி வைத்திருந்தது, எளிதில் நிற்காது.

பியூன் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். லாரிக்காரர் அவரைப் பார்த்ததும் கேடயத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“பயப்படாதீங்கண்ணே. கை நீட்டற வேலை இன்னியோட முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, பியூன் லாரியின் படியில் நிம்மதியாக உட்கார்ந்தார்.

முதல் பந்தியின் எச்சில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. முன்னிருக்கையில் புயல், அவள் மடியில் கேடயம், பின்னால் தெரு நிறைய உருளும் சக்கரங்கள். நகரசபைக் கட்டடத்து முன்வாசலுக்கு வந்ததும் லாரிக்காரர் வேகத்தைக் குறைத்தார். பிறகு உள்ளங்கையை ஹாரனில் வைத்து அழுத்தினார். எடுக்கவே இல்லை. மேல்மாடியில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து பார்க்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

வீட்டில் மாமியாரே எழுந்து வந்து பலகையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். “இனிமே இதை எங்கடா வைக்கறது?” என்று அலுத்துக்கொண்டாள். அலுப்பில் ஒரு துளிகூட நிஜமில்லை.

லாரிக்காரர் கேடயத்தை வைத்தார். ஒரு எட்டுப் பின்னால் வந்து பார்த்தார், நேராக்கினார், மறுபடி பின்னால் வந்தார். ஸ்விட்சைப் போட்டார். மஞ்சள் வெளிச்சத்தில் பித்தளை மினுங்கியது.

“பேர் எழுதணுமே. யார் பேரை எழுதறது?” என்றாள் புயல்.

“ரெண்டு பேர் பேரும் எழுத இடம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்ததும் அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

“அக்கா, நான்தான். நாளைக்குச் சாப்பிட வந்துடு. ஆமா, மீன்தான். வந்ததும் ஸ்விட்சை நீயே போடு.”